தபால் வராத வீரருக்கு

“பெட்டி வந்துடுச்சும்மா. உங்க எல்லார் முன்னாடியும்தான் பிரிக்கணும்னு இன்னும் தொடவே இல்ல.”

கோல்பி இப்படிச் சொன்னதும், சுட்ட வான்கோழியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த ரோண்டா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நெப்ராஸ்காவில் நன்றித் திருநாள் மதியம். சிப்பாயாக ஏப்ரலில் புறப்பட்டுப் போன மகன் இருந்த குவைத் முகாமில் மணி ஒன்பது, இருட்டிவிட்டது.

மேஜையில் அவனுக்காகப் போட்ட தட்டுக்குப் பின்னால், ஆப்பிள் சாறு ஜாடியில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். திரையில் அவன் முகமும், கட்டிலுக்கு மேலே பலகைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு போட்டோவும் தெரிந்தன. அவன் போன பிறகு, இந்த அக்டோபரில் வீட்டு மேப்பிள் மரத்தடியில் எல்லோரும் நின்று எடுத்தது.

“அதுல நாய் ஒண்ணுதான் நல்லா விழுந்திருக்கு” என்றார் அப்பா கர்ட்.

சாப்பிடுமுன் ஆளுக்கொரு நன்றி சொல்வது அந்த வீட்டு வழக்கம். கர்ட் மழைக்குச் சொல்லியிருந்தார். அவர் தங்கை டார்லா, முட்டி வலி குறைந்ததற்குச் சொன்னாள். விருந்துக்கு வந்திருந்த போதகர் நீல்சன் மட்டும் ரோண்டாவுக்கே நன்றி சொன்னார். மகனுக்கு ஒரு பெட்டி, அதே முகாமில் வீட்டிலிருந்து எதுவுமே வராத யாரோ ஒருவனுக்கு இன்னொரு பெட்டி. இப்படி அனுப்ப யார் தயார் என்று சர்ச்சில் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் அவள்தான்.

“ரோண்டாவுக்கு இப்ப ரெண்டு பிள்ளைங்க” என்றார் போதகர். அவள் கன்னம் சிவக்கக் குனிந்துகொண்டாள்.

கோல்பி பெட்டியைத் திறந்து கையை விட்டான். முதலில் வந்தது ஒரு பை நிறையக் கறுப்பு மிட்டாய். ஹாலோவீனுக்கு வீடு வீடாக வரும் பிள்ளைகள்கூட வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுப் போகும் ரகம்.

ரோண்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

அடுத்து, ஏதோ ஓட்டல் அறையிலிருந்து வந்த குட்டிச் சோப்புகள். அதன் பிறகு ஒரு ஜோடி பச்சைக் காலுறை. “அது என்னோடது மாதிரி இருக்கே” என்று கர்ட் கண்ணாடியைத் தேடினார். கடைசியாக ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம்.

“முதல் பத்துப் பக்கத்தை யாரோ போட்டு முடிச்சு ரப்பரால அழிச்சிருக்காங்க. எனக்கு வேலை மிச்சம்” என்று கோல்பி சிரித்தான். மேஜையில் யாரும் சிரிக்கவில்லை.

ரோண்டாவுக்குக் காது மடல்கள் எரிந்தன. இரண்டு நாள் நின்று சுட்ட இஞ்சி பிஸ்கட் எங்கே? ஒவ்வொரு சாயங்காலமும் உட்கார்ந்து பின்னிய கம்பளித் தொப்பி எங்கே? பெட்டிகளைத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனது டார்லா. முகவரிச் சீட்டு ஒட்டியதும் டார்லாதான்.

“சீட்டை மாத்தி ஒட்டிட்டியே டார்லா.”

டார்லா திகைத்தாள். ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் ஒட்டினேன் என்று மெதுவாகச் சொன்னாள்.

“பார்த்த லட்சணம்தான் தெரியுதே. ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியாதா? என் பிள்ளைக்குன்னு கட்டினது எவனுக்கோ போயிருக்கு. எவனுக்கோ கட்டினது என் பிள்ளை கையில இருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. போதகர் தன் தட்டில் இருந்த உருளைக்கிழங்கு மசியலையே பார்த்துக்கொண்டிருந்தார். கர்ட் காலுறையைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டார்லா மடியில் கிடந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

திரையில் கோல்பி திரும்பினான். சுவரில் இருந்த போட்டோவைக் காட்டினான்.

“அத்தை சரியாத்தான் ஒட்டியிருக்காங்கம்மா. என் பேர் போட்ட பெட்டி எனக்குத்தான் வந்துச்சு. இந்தப் படம் அதுலதானே இருந்துச்சு?”

பக்கத்துக் கட்டில் பிக்கெட்டைப் பற்றி அவன் சொன்னான். அனாதை விடுதியில் வளர்ந்தவன். வந்த எட்டு மாதத்தில் அவனுக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. இரண்டாவது பெட்டி அவனுக்குத்தான் என்று முகாமே அவனைப் பார்த்தது. ஆனால் அதன் சீட்டில், ‘வீட்டிலிருந்து தபால் வராத வீரருக்கு’ என்று ரோண்டா தடித்த பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். அதை வாங்க பிக்கெட் கையே நீட்டவில்லை. வெட்கத்தில் எழுந்து வெளியே போய்விட்டான்.

“அதான் என் பேர் போட்ட சீட்டைக் கிழிச்சுட்டு, இது எங்கம்மா உனக்குன்னு அனுப்பினதுன்னு சொல்லி என்னோடதை அவனுக்குக் கொடுத்துட்டேன். படத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன். அவன் வாங்காத பெட்டிதான் இது. பிஸ்கட்டை ஒரு நாளைக்கு ஒண்ணுதான் திங்கிறான். தொப்பியைக் கழட்டுறதே இல்ல. உனக்கு நன்றி சொல்லணும்னு வெளியில நிக்கிறான்.”

ரோண்டா கத்தியை எடுத்து, மறுபடி கீழே வைத்தாள்.

கோல்பி மிட்டாய்ப் பையை மறுபடி பெட்டிக்குள் வைத்து மூடினான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

“ரெண்டும் நீ கட்டினது, ஒரே மாதிரிதான் இருக்கும்னு நெனச்சேம்மா.”