ஆளுக்குப் பத்து நிமிடம்

"நீங்க பத்து நிமிஷம்தான் கேக்கிறீங்க, ரீச்சர். எனக்கு விளங்குது. ஆனா அவங்க வேற, நாங்க வேற" என்றார் ஜவாஹிர் ஹாஜியார்.

எதிர்க் கதிரையில் இருந்த மக்டலின் ரீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ஹாஜியாரின் தலைக்கு மேலே சுவர் நிறையப் படங்கள். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் ஹாஜியார். புத்தரின் வெசாக் நாளில், தன்சல் அன்னதானப் பந்தலில் அகப்பையோடு ஹாஜியார். கத்தோலிக்கரின் தலவில கோவில் திருவிழாவில் யாத்திரிகர்களுக்குத் தண்ணீர் ஊற்றும் ஹாஜியார். இயேசு பிறந்த நத்தாருக்குக் கேக் வெட்டும் கத்தியை, வெட்ட வேண்டியவரின் கையிலிருந்து ஏறக்குறையப் பறித்துக்கொண்டு நிற்கும் ஹாஜியார். புத்தளத்தில் எந்தப் பண்டிகை வந்தாலும் முதல் வரிசை நடுக் கதிரை அவருக்குத்தான்.

யுத்தம் முடிந்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. நகரத்தின் பண்டிகை நல்லிணக்கக் குழுவுக்கு அவர்தான் தலைவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய விழா. ஒவ்வொரு சமூகத்துப் பிள்ளைகளும் மேடையேறித் தங்கள் பண்டிகையைப் பற்றிப் பத்து நிமிடம் பாடலாம், ஆடலாம். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து புள்ளி போடுவார். புள்ளி நன்றாக விழுந்தால் மாவட்டத்துக்கு விருது. அதை வாங்கப் போகிறவர் யாரென்று ஊருக்கே தெரியும்.

மக்டலின் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் களப்புக் கரைக் குடியிருப்புப் பிள்ளைகள். யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வடக்கிலிருந்து வந்து, ஓலைக் கொட்டிலில் தொடங்கி, இப்போதுதான் கல்வீடு கட்டிக்கொண்டிருக்கும் சனத்தின் பிள்ளைகள். அவர்களில் இருபத்திரண்டு பேர் இரண்டு மாதமாக ஒரு பாட்டைப் பழகியிருந்தார்கள். அச்சடித்து வந்த நிகழ்ச்சி நிரலில் அவர்கள் இல்லை.

ஹாஜியார் பொறுமையாகக் காரணம் சொன்னார். அந்தச் சனம் வந்த பிறகுதான் கிணற்றில் தண்ணீர் குறைந்ததாம். உப்பளத்தில் கூலி விழுந்ததாம். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய கெம்பஸ் படிப்பு இடங்களும் அவர்களுக்கே போகின்றனவாம். அவர்களுடைய பேச்சு வேறு, கறி வேறு, கலியாண வழக்கம் வேறு.

"போன வருஷம் என்ட மகனுக்கு அங்க இரிக்கிற ஒரு பிள்ளையைப் பேசி வந்தாங்க. முடியாதெண்டுட்டன். சரிவராத இடத்தில சம்பந்தம் வைக்க ஏலுமா?"

"இந்தப் பிள்ளையள் எல்லாம் இங்கதான் பிறந்ததுகள், ஹாஜியார்."

"எங்க பிறந்தாலும் வந்த ஆக்கள் வந்த ஆக்கள்தான்."

மக்டலின் கடைசியாக ஒன்றைக் கேட்டார். தலவில அன்னம்மாள் திருவிழாப் பாட்டுக்குத் தான் பழக்கும் கத்தோலிக்கக் கோவில் பிள்ளைகளுக்குக் கொடுத்த பத்து நிமிடத்தை இவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாமா?

ஹாஜியார் பதறிப்போனார். மேடையில் ஒரு மதம் குறைந்தால் அதிகாரி புள்ளியைக் குறைத்துவிடுவாரே. பிறகு, ரீச்சரின் முகம் வாடியதைக் கண்டு, தான் ஏற்கெனவே செய்துவைத்திருந்த உபகாரத்தைச் சொன்னார். மண்டபம் பெரியது, ஊராட்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள். ஆகவே குடியிருப்புச் சனத்தை ஏற்றிவரத் தன்னுடைய லொறியை அனுப்புகிறார். பின்னால் நூறு கதிரை அவர்களுக்கென்றே போடச் சொல்லியிருக்கிறார்.

"கைதட்டவும் ஆள் வேணும்தானே, ரீச்சர்."

அதை அவர் உண்மையான அன்போடுதான் சொன்னார். மக்டலினுக்குக் கோபத்தைவிட வெட்கமே அதிகமாக வந்தது. மறுநாள் வகுப்பில், புதுச் சட்டையோடு விழாவுக்கு வரச் சொன்னாரே தவிர, பாட்டு இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஞாயிறன்று லொறி வந்தது. நூறு கதிரையும் நிறைந்தது. ஹாஜியார் "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று நாற்பது நிமிடம் பேசினார். பின்வரிசைதான் அதிகமாகக் கைதட்டியது. பொங்கல் பாட்டு முடிந்தது, வெசாக் கூட்டு நடனம் முடிந்தது, ஊர்ப் பிள்ளைகளின் நோன்புப் பெருநாள் பாட்டும் முடிந்தது. அடுத்தது தலவில அன்னம்மாள் திருவிழா என்று அறிவித்தார்கள்.

மக்டலின் தனியாக மேடையேறினார். முன்னால் இருந்த கோவில் பிள்ளைகள் அசையவில்லை. அவர்களோடு அவர் முதலே பேசியிருந்தார். "எங்கட கோவிலின்ட பத்து நிமிஷத்தை இந்தப் பிள்ளையளுக்குக் குடுக்கிறம்" என்று சொல்லி, பின்வரிசையைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

இருபத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து நடுப்பாதையால் நடந்து வந்தார்கள். அவர்கள் மேடைக்கு வந்து சேரும் வரைக்கும் பின்னால் தாய் தகப்பன்மார் எழுந்து நின்றார்கள். புதுச் சட்டை, தட்டு நிறையப் பலகாரம், வீடு வீடாகப் போய்ச் சாப்பிடுவது. எந்தப் பண்டிகைக்கும் பொருந்துகிற சின்னப் பாட்டு. நாலு நிமிடத்தில் முடிந்தது. முதல் பிள்ளை தனியாக மெல்லத் தொடங்கியது, கடைசியில் எல்லாருமாக மண்டபத்தையே நிறைத்துவிட்டார்கள். இந்தமுறை முன்வரிசையும் கைதட்டியது.

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். மடியில் இருந்த படிவத்தில் 'கத்தோலிக்கம்' என்று அச்சடித்திருந்ததை வெட்டிவிட்டு, பேனையோடு ஹாஜியாரின் பக்கம் சாய்ந்தார்.

"நிரலில் இல்லாத ஒரு மதமும் வந்திருக்குது, தலைவர். மிச்சம் நல்லம். இந்தப் பிள்ளைகள் என்ன மதம் எண்டு எழுத?"

ஹாஜியார் சால்வையால் முகத்தைத் துடைத்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இஸ்லாம் எண்டு போடுங்க, ஸேர். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில இருந்து வந்தவங்க. நான் தொழுற பள்ளியிலதான், எனக்குப் பக்கத்திலதான் இவங்கட வாப்பாமாரும் தொழுறாங்க."