மூக்கன் யார் வண்டி?

"கூட இருந்தே குழி பறிச்சீங்க. இப்ப கண்ணைக் கசக்கினா மட்டும் வண்டி உங்களோடது ஆயிடுமா பெரியப்பா?"

அவள் போட்ட சத்தத்தில் பட்டறையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியப்பா என்பது வாய்ப்பழக்கம்தான். அவர் அவளுடைய அப்பாவின் சிநேகிதர். இருவருக்கும் நடுவே நின்றது அந்தப் பழங்காலத்துக் கார். முன்பக்கம் நீண்டிருக்கும் என்பதால், சின்ன வயதில் அவள் அதற்கு வைத்த பெயர் மூக்கன்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, பல கை மாறிப்போன மூக்கனை அலைந்து திரிந்து இங்கே கண்டுபிடித்திருந்தாள். பட்டறைக்காரர் நல்ல மனுஷர். "முதல்ல யாருகிட்டேருந்து போச்சோ, அவங்களுக்கே தர்றேன். அது யாருன்னு நீங்களே பேசி முடிச்சுக்கங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

"அந்தப் பெருமழைக்கு முன்னாடியே உங்கப்பா இதை எனக்குக் கொடுத்துட்டாரும்மா" என்றார் பெரியவர். எத்தனை தடவை கேட்டாலும் கிளிப்பிள்ளை மாதிரி இதே பதில்தான்.

"கொடுத்தாரா? மழை விட்ட மறுநாள் காலைல நீங்க வந்து ஓட்டிட்டுப் போனீங்க. அதோட ரெண்டு வருஷம் தலைமறைவு! உங்க பேரை எடுத்தாலே அப்பா எழுந்து போயிடுவாரு. சாகுறவரைக்கும் ஒரு ஸ்டியரிங்கைத் தொடலை. எங்க போனாலும் நடைதான். அப்படி உடைஞ்சுபோயிட்டாரு மனுஷன்."



சாட்சி தேடிப் பேப்பரில் மூக்கனின் படத்தோடு விளம்பரம் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்து ஒரு தையல்காரர் வந்திருந்தார். கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றவில்லை. வந்ததிலிருந்து காரின் இடது முன்விளக்கையும் பெரியவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்த வண்டிய எனக்குத் தெரியும்" என்றார். "மழையன்னிக்கு இது யாருகிட்ட இருந்ததுன்னு விளம்பரத்துல கேட்டிருந்தீங்க. ஏன் அப்படிக் கேட்டீங்கன்னுதான் புரியலை."

"என்கிட்டதான் இருந்தது" என்று பெரியவர் முந்திக்கொண்டார். "அன்னிக்கு ஓட்டினதும் நான்தான். இவ அப்ப குழந்தை, இவளுக்கு என்ன தெரியும்?"

"பொய்! அப்பாதான் ஓட்டினாரு. ஸ்கூல்லேருந்து என்னைக் கூட்டிட்டு வந்தாரு. நான் பின்சீட்டுல தூங்கிட்டேன். வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போகும்போது அவர் கையெல்லாம் வெடவெடன்னு நடுங்குச்சு, அவ்வளவு குளிர். இன்னிக்கும் எனக்கு அது மறக்கலை. எங்கம்மா மேல சத்தியம், அன்னிக்கு வண்டி எங்கப்பாகிட்டதான் இருந்தது!"

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "போதும்மா, விட்டுடு. வண்டிய நீயே எடுத்துட்டுப் போ."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை வருஷம் அப்பா விழுங்கிக்கொண்டிருந்த அவமானத்தை இன்றைக்குத் துடைத்துவிட்டாள். "பார்த்தீங்கல்ல? நீங்கதான் சாட்சி" என்று தையல்காரரிடம் திரும்பினாள்.

தையல்காரர் அவளைப் பார்க்கவில்லை, கும்பிட்டபடி நின்ற பெரியவரையே பார்த்தார்.

"அப்ப, எங்கம்மாவ இடிச்சுக் கொன்னேன்னு இவர் எதுக்கும்மா ஜெயிலுக்குப் போனாரு?"