பயந்து வரும் பிள்ளை

அவள் கேமராவை அணைக்கவில்லை.

அவனாக இருந்தால் அணைத்திருப்பான். முகத்தைக் காட்டாமல் மறுப்பது சுலபம்.

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அவன் மனைவி வசுமதியின் மடிக்கணினி. எதிர்முனையில் அவனுடையது. விடுமுறை நாளிலும் இருவருக்கும் வேலை இருந்தது.

அவள் திரையில் ரோஷன். பெங்களூரிலிருந்து பேசினான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் செயலி அவனுடையது. அதற்குப் பாடம் எழுதிக் கொடுப்பவள் வசுமதி. இப்போதைக்கு அவளுக்கு இருப்பது இந்த ஒரு வேலைதான்.

போன வருடம் வரை ஆலோசனை நிறுவனத்தில் இருந்தாள். விமானம், ஹோட்டல் அறை, நீள நீளமான மேசைகள். தலை நரைத்த முதலாளிகள் முன்னால் மூன்று வழிகளை விரித்துக் காட்டுவாள். முடிவை அவர்களிடமே விட்டுவிடுவாள். அதுதான் தொழில். அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள்.

பெயரை அங்கேயே விட்டுவிட்டு வந்து, ஆறாம் வகுப்புப் பின்னங்களோடு உட்கார்ந்தாள்.

எழுதியதை முதலில் கணவனுக்குத்தான் வாசித்துக் காட்டுவாள். பள்ளியில் கணக்கென்றால் அவனுக்குக் காய்ச்சல் வரும். இவனுக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும் என்பது அவள் கணிப்பு.

அரையால் வகுத்தால் விடை ஏன் பெரிதாகிறது?

ஒரு லிட்டர் பாலை அரை லிட்டர் செம்புகளில் ஊற்றினால் எத்தனை செம்பு நிரம்பும் என்று கேட்டிருந்தாள்.

அவ்வளவுதான்.

காதோரம் நரைத்த பிறகு அவனுக்கு அது புரிந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டான். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

"பாடமெல்லாம் பிரமாதம் மேடம்," என்றான் ரோஷன். "மெசேஜ்தான் இடிக்குது."

செயலியைச் சில நாட்களாகத் திறக்காத பிள்ளைகளுக்குப் போகவேண்டிய செய்தி அது. ரோஷன் கேட்டிருந்த வரி, 'உன் நண்பர்கள் எல்லோரும் முன்னே போய்விட்டார்கள்.'

அவள் எழுதி அனுப்பிய வரி, 'விட்ட இடத்திலேயே பாடம் இருக்கிறது. மெதுவாக வா.'

"இதப் படிச்சிட்டு யார் மேடம் வருவா? லேசா ஒரு பயம் வேணும். தினம் எத்தன பேர் தொறக்கறாங்கன்னுதான் முதலீட்டாளருங்க கேக்கறாங்க."

மேசையின் எதிர்முனையிலிருந்து கணவன் அவளைப் பார்த்தான். மூன்று வழிகள் வரும் என்று எதிர்பார்த்தான். இரண்டு வரியையும் அனுப்பிப் பார்க்கலாம். கொஞ்சம் மென்மையாக்கலாம். பிள்ளைக்கு வேண்டாம், பெற்றோருக்கு அனுப்பலாம். எத்தனையோ பேரை இப்படிச் சமாளித்தவள்.

இன்று ஒரே வழிதான் சொன்னாள்.

"பயந்து வர்ற பிள்ளை கணக்குப் போட வர்றதில்லைங்க ரோஷன். பயம் போனாப் போதும்னு வரும். இந்த வரிய நான் எழுத மாட்டேன்."

குரல் உயரவில்லை. குழம்பில் உப்புப் போதவில்லை என்பதுபோலச் சொன்னாள்.



"அப்போ வேற ஆள்தான் மேடம் பாக்கணும்."

"பாருங்க. பாடத்துல மட்டும் கை வெக்காதீங்க."

திரை இருண்டது.

அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சுங்க," என்று சிரித்தாள். "காப்பி போடறேன். குடிக்கறீங்களா?"

அவன் தலையாட்டினான். அவள் எழுந்து போனாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது தேவைப்படவில்லை என்று தோன்றியது.

அவனுடைய திரையில் ஒரு மின்னஞ்சல் திறந்திருந்தது. காப்பீட்டு நிறுவனத்தில் அவன் வட்டார மேலாளர். இந்த மாத இலக்கை எட்டாத கிளைகளுக்குக் காலையில் எழுதி வைத்தது. அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

'மற்றக் கிளைகள் எல்லாம் உங்களைத் தாண்டிப் போய்விட்டன' என்று தொடங்கியது.

அந்த வரியை அழித்தான்.

வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இத்தனை வருடங்களில் வேறு மாதிரி தொடங்கியதே இல்லை.

உள்ளே பால் பொங்கி அடங்கியது.

"வசு," என்று கூப்பிட்டான்.