ரப்பருக்குத் தெரியாத துளை

டீச்சரிடம் போகும் பவதாரணியின் நோட்டில் வட்டம் முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டதே இல்லை. கணக்கு டீச்சர் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, "ஜெனிட்டாவப் பாத்துப் படி" என்பார். பார்த்துத்தான் படித்தாள். வகுப்பு தொடங்குமுன் ஜெனிட்டாவே கையை நீட்டுவாள். "ஏட்டி, மையம் தள்ளிக் கெடக்கு. கொண்டா, நான் சரி பண்ணித் தாரேன்." மணக்கும் ரப்பரால் வட்டத்தை அழித்து, தூளை ஊதி, தன் காம்பஸால் புதிதாகப் போட்டுக் கொடுப்பாள். அப்படியும் தப்பாய்ப் போனால், "ஒன் முக்கோணமே கோணலு" என்பாள். பதினொன்றில் கணக்கே வேண்டாமென்று பவதாரணி வீட்டில் சொல்லிவிட்டாள்.

அன்று திருத்தி வந்த நோட்டை ஜன்னலோரம் புரட்டியபோது, வெயில் தாளுக்குள் இரண்டு பொட்டுகளாக இறங்கியது. ஒன்று ஜெனிட்டா குத்தியது. நூலளவு தள்ளியிருந்த மற்றது, பவதாரணியே முதலில் குத்தியது. அந்தப் பழைய துளையில் காம்பஸை ஊன்றிச் சுற்றினாள். பென்சில் மூன்று முனைகளையும் தொட்டுக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். அதிலும் அப்படித்தான். அதற்கு முந்தையதிலும்.

மறுநாள் காலை ஜெனிட்டா வழக்கம்போல் கையை நீட்டினாள். "கொண்டா, தப்பு இருக்கான்னு பாக்கேன்."

பவதாரணி நோட்டைக் கொடுத்தாள். முக்கோணம் இருந்தது, வட்டம் இல்லை. உள்ளே ஒரே ஒரு துளை. ரப்பரை எடுத்த ஜெனிட்டாவின் கை தாளுக்கு மேலேயே நின்றது.

"அழி" என்றாள் பவதாரணி.