லேசான மெஷின்

மெஷினைப் பற்றி மகள் கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டோமே, இனி இவள் இதை விட்டுவைக்க மாட்டாளே என்று அம்மாவுக்கு உள்ளுக்குள் பதறியது.

மகள், தான் வாங்கி அனுப்பியிருந்த அந்த வயர் இல்லாத வேக்குவம் கிளீனரைத் தூக்கிப் பார்த்தாள்.

“லேசா இருக்கு, டைல்ஸ் தரைக்கு ஓகே. ஆனா கம்பளத்துல திணறுது. சமையலறைக்கு வர்றதுக்குள்ள சார்ஜ் தீர்ந்துடுது. தூசி சேர்ற டப்பாவும் உள்ளங்கை அளவுதான். நீதானேம்மா சொன்னே? இதை எடுத்துட்டுப் போய் பெரிசா ஒண்ணு அனுப்புறேன்.”

“பெரிசுன்னா கனக்குமேடி!”

“கனத்தா என்ன? வீடு பளிச்சுன்னு இருக்கும்ல?”

அதற்குள் உள்ளேயிருந்து வந்த அப்பா, மகள் கையிலிருந்து அதை வெடுக்கென்று பிடுங்கினார். கல்யாணமான நாள்முதல் துடைப்பம் இருக்கும் திசையைக்கூடப் பார்க்காத மனிதர், பட்டனை அழுத்திக்கொண்டு எல்லைக்காவல் வீரரைப்போல சோபாவுக்கு அடியில் பாய்ந்தார்.

“காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க! என் வேலைக்குக் குறுக்க யாரும் வராதீங்க!”

மகள் வாயைப் பிளந்தாள். “அப்பாவா பெருக்குறாரு? அப்ப நல்லதாவே அனுப்பிடறேன்மா.”

அம்மா காலைத் தூக்கியபடியே, அவர் காதில் விழாமல் மெல்லச் சொன்னாள்:

“வேண்டாம்மா. கனமா இருந்தா, முதுகு வலிக்குதுன்னு என் கையில கொடுத்துடுவாரு.”