பளிச்சென்று ஒரு படம்

"ஏளா, தெரியுதா?"

மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் மேலே நின்றுகொண்டு அவன் கத்தினான்.

"தெரியல!"

டிவிக்கு முன்னால் நின்று, கொல்லைக் கதவைப் பார்த்து அவள் கத்தினாள். தொண்டை கட்டிவிட்டது. திரை முழுக்கப் புள்ளி.

காலையிலிருந்து இதே பாடுதான்.

"நாளைக்கு நானும் வாரேன் மாப்ள, ரெண்டு பேராப் புடிச்சு நட்டுருவோம்" என்று அவள் அண்ணன் சொல்லத்தான் செய்தான். கேட்டால்தானே! ஒரு ஏரியல் கட்ட ஊரையே கூட்டணுமா என்று இவன் சிரித்துவிட்டான். மச்சான் முன்னால் சிரித்த பிறகு ஏறாமல் இருக்க முடியுமா? இப்போது அந்த நெட்டை இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒற்றை ஆளாக நிற்கிறான். கடல் காற்று வேறு.

அவன் ஏணியில் கால் வைத்தபோதே அவள் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பின்பக்கச் சந்தில் கரண்டு கம்பி போகிறது.

"கம்பி இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றாள்.

"எனக்குக் கண்ணு இல்லையாக்கும்?"

கண் இருந்தது. குனிந்து அடிக்குழாயைத் திருப்புகிறவனுக்கு உச்சி எங்கே சாய்கிறதென்று எப்படித் தெரியும்?

சட்டென்று புள்ளி விலகியது. ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். காதில் கிடந்த கம்மல்கூடத் தெரிந்தது.

"தெரியுது! தெரியுது! அப்படியே புடிங்க!"

துள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அண்ணாந்து பார்த்தாள்.



குழாய் சந்துப் பக்கம் சாய்ந்திருந்தது. ஏரியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. காற்றடிக்க அடிக்க அதுவும் குறைந்தது.

அவன் குனிந்தபடியே கேட்டான். "இப்படியே கட்டிரவா?"

கூப்பாடு போட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அலறினால் பதறித் திரும்புவான். திரும்பினால் போச்சு.

அப்படியே பிடி என்று சொன்னதும் அவள்தான். பாவி வாய்.

முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டாள். கடையில் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கிவரச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"படம் போயிட்டுங்க. தெருப் பக்கமா மெல்லச் சாச்சுப் புடிங்க."

முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தாள். மேலே கேட்டுவிடக் கூடாதே.

குழாய் அசைந்தது.

ஒரு கணம் கம்பிப் பக்கமே போனது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குலசாமியின் பெயர்கூட வாயில் வரவில்லை.

திறந்தபோது குழாய் தெருவைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. வீட்டுக்குள் ஒரே இரைச்சல்.

"இப்ப?"

"பளிச்சுனு தெரியுது! கட்டிட்டு இறங்குங்க!"

கட்டினான். கட்டி முடித்து நிமிர்ந்தான். குழாயின் உச்சியைப் பார்த்தான். திரும்பி, கம்பியைப் பார்த்தான்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கினான்.

உள்ளே வந்தான். டிவியைப் பார்த்தான்.

புள்ளி. புள்ளியைத் தவிர ஒன்றுமில்லை.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். என்ன வேண்டுமானாலும் ஏசட்டும். மறுபடி ஏறுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

அவன் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான். பாதி நெஞ்சில் கொட்டியது. துடைக்கவில்லை. டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நல்லாத்தான் தெரியுது" என்றான்.

அவள் இரைச்சலைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, வந்து அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.