கடைசிப் புண்

நர்ஸ் ஷகிலா அவசரமாகக் கையுறையை மாட்டிக்கொண்டு, வீட்டில் நினைவில்லாமல் கிடந்த செல்வமேரியை ஒருக்களிக்க வைத்தாள். இடுப்புக்குக் கீழே, நேற்று இல்லாத கருநீலப் புண்.

"நாந்தான் காரணம் சிஸ்டர். மூணு நாளா அவளப் புரட்டிப் போடவே இல்ல. அப்படியே எழுதிக்கிடுங்க," என்றார் கணவர் ஜெபராஜ்.

"கவனிக்காம விட்டீங்கன்னு எழுதினா ஆறு மாசம் ஜெயில், அண்ணாச்சி."

அரசு கொடுத்திருந்த கட்டில் தானாகப் பதிந்து வைத்திருந்த கணக்கைத் திரையில் பார்த்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு தடவைகூடத் தவறாமல், அவர் மனைவியைப் புரட்டிப் போட்டிருந்தார். செல்வமேரியின் முழங்கால்களில் தோல் திட்டுத்திட்டாக நீலம் பாரித்திருந்தது.

"ஏன் பொய் சொல்றீங்க? சாவு நெருங்கிட்டா, எவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டாலும் வர்ற கடைசிப் புண்ணு இது. உங்க மேல தப்பே இல்ல."

"அத மட்டும் எழுதிராதீங்க." ஜெபராஜ் கதவைச் சாத்தினார். "நான் ஜெயிலுக்குப் போனா, பாத்துக்க ஆளில்லன்னு இவள ஆஸ்பத்திரியில வச்சு மருந்து குடுப்பாங்க. எதிர்வீட்டு ஆல்பர்ட்டுக்குக் கடைசிப் புண்ணுன்னுதான் எழுதினாங்க. சாகப்போறவனுக்கு எதுக்குன்னு அன்னைக்கே கட்டிலயும் வலி மருந்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"சரி, அப்புறம்?"

"பதினோரு நாள் கத்திக்கிட்டே கெடந்தான், சிஸ்டர்."